ஓய்வில் இருக்கும் வெள்ளணு தரும் சாட்சி

மும்பையில், தாணே கழிமுகத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது டிராம்பே. இந்தியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் இங்கேதான் இயங்கத் தொடங்கியது. இங்குள்ள அணு ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கிய ஹோமி பாபா மறைந்த அடுத்த ஆண்டு, 1967இல், அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். செம்பூர், மான்குர்த், அணுசக்தி நகர் வட்டாரத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. ‘பார்க்’ என்றாலே எல்லாருக்கும் தெரியும்.

கதிர்வீச்சோடு வேலை செய்கிறவர்கள் நெஞ்சில் ஒரு சிறிய பேட்ஜ் அணிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே அறையில், புற்றுநோய்க் கதிர்சிகிச்சைப் பிரிவில், இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேபில் பணிபுரிகிறவர்களுக்கும் அது உண்டு. டி.எல்.டி. பேட்ஜ் என்பார்கள். டிஸ்ப்ரோசியம் சிறிதளவு கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் அதற்குள் இருக்கும். கதிர்வீச்சு பட்டால் அதன் ஆற்றலில் ஒரு பங்கு அந்த வில்லையில் தங்கிவிடும். பிறகு ஆய்வகத்தில் சூடாக்கினால் அந்த ஆற்றல் ஒளியாக வெளிவரும். ஒளியை அளந்தால் அவருக்கு எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று சொல்லிவிடலாம். ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது என்பது இந்தியாவில் இந்தப் பணியாளர்களுக்கான வரம்பு.

பேட்ஜை எக்ஸ்ரே அறையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனால்? கணக்கில் கதிர்வீச்சு ஏறியிருக்கும், ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பேட்ஜ் என்ற ஒன்றையே கண்டிராத ஒருவர், தெரியாமல் கதிரியக்கப் பொருளைக் கையில் எடுத்திருந்தால்? அவருக்கு எந்தக் கணக்கும் இருக்காது. இரண்டு சமயங்களிலும் செய்வது ஒன்றுதான். அவருடைய ரத்தத்தில் சில மில்லிலிட்டர் எடுத்து, வெள்ளணுக்களின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வாரங்கள் கடந்த பிறகும் உடல் அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. அப்படி வைத்திருக்க முடிவதற்குக் காரணம், அந்த வெள்ளணுக்கள் பிரியாமல் ஓய்வில் இருப்பதுதான்.

சுழற்சிக்கு வெளியே ஓர் இடம்

செல் பிரிவதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அந்த ஒரு மணி நேரக் கொந்தளிப்பைத்தான் முக்கியம் என்று நெடுநாள் நினைத்தார்கள். இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் செல் என்ன செய்கிறது என்பது 1953இல் தெளிவானது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் ஒருவகை அவரைச் செடியின் வேர்நுனிக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸை ஊட்டினார்கள். டி.என்.ஏ. புதிதாக உருவாகும்போது அந்தப் பாஸ்பரஸ் அதில் சேரும். புகைப்படப் படலத்தில் புள்ளிகளாகத் தெரியும். செல் எப்போதும் டி.என்.ஏ.வை உருவாக்கிக்கொண்டிருக்கவில்லை, நடுவில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே உருவாக்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். அதிலிருந்துதான் செல் சுழற்சியின் நான்கு கட்டங்கள் பாடப்புத்தகத்துக்கு வந்தன. ஜி-1 கட்டத்தில் செல் வளர்கிறது. எஸ் கட்டத்தில் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது. ஜி-2 கட்டத்தில் சரிபார்ப்பு. எம் கட்டத்தில் பிரிவு.

ஆனால் நம் உடலின் பெரும்பாலான செல்கள் இந்த நான்கில் எதிலும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உருவாகும் விதத்தை ஆராய்ந்த லாஸ்லோ லாய்தா 1963இல் இதற்கு ஓர் இடம் வகுத்தார். ஜி-1இலிருந்து விலகி, டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்காமல், ஆனால் அழைப்பு வந்தால் திரும்பக்கூடிய நிலையில் நிற்கும் செல்களின் கட்டம் அது. ஜி-ஜீரோ என்று அதைக் குறித்தார்.

இந்த ஓய்வு எல்லாச் செல்லுக்கும் ஒரே மாதிரி இல்லை. மூளையின் நரம்பணுக்கள் ஏறத்தாழ நிரந்தரமாகவே பிரிவை விட்டுவிட்டவை. இதயத் தசையணுக்களும் அதற்கு வெகு அருகில் இருக்கின்றன. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 இதயச் செல்களின் டி.என்.ஏ.வில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் அளந்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று, 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு என்ற அளவில்தான் இதயத் தசையணுக்கள் புதிதாகின்றன.

கல்லீரல் இதற்கு நேர்மாறு. அதன் செல்கள் வழக்கமாக ஓய்வில் இருக்கும். ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மிச்சமுள்ளவை விழித்துப் பிரியத் தொடங்கும். 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயதுகூட நிறையாத குழந்தைக்கு அதன் தந்தை தம் கல்லீரலின் ஒரு துண்டைக் கொடுத்தார். இந்தியாவில் உயிருள்ள ஒருவரிடமிருந்து எடுத்த கல்லீரல் வெற்றிகரமாகப் பொருந்திய முதல் நிகழ்வு அது. பித்த நாளக் கோளாறோடு பிறந்த அந்தக் குழந்தை பிற்காலத்தில் மருத்துவரானார். கொடுத்தவரின் கல்லீரல் மறுபடி வளர்ந்ததும், கொடுக்கப்பட்ட துண்டு குழந்தையோடு சேர்ந்து வளர்ந்ததும் ஜி-ஜீரோவிலிருந்து திரும்பிய செல்களால்தான்.

மூப்படைந்து, இனி என்ன அழைப்பு வந்தாலும் பிரிய முடியாமல் நின்றுபோன செல்களும் உடலில் உண்டு. அவற்றை ஓய்வில் இருப்பவை என்று கொள்ளக் கூடாது. திரும்பி வர முடிவதுதான் ஓய்வின் அடையாளம்.

ஓய்வும் ஒரு வேலைதான்

செல்லுக்கு வேலை இல்லை, அதனால் நிற்கிறது என்று எண்ணினால் தவறு. ஓய்வில் இருக்கும் செல் அந்த நிலையைக் காத்துக்கொள்வதற்கென்றே சில ஜீன்களை இயக்கிக்கொண்டிருக்கிறது. ஆர்.பி. என்ற புரதம், டி.என்.ஏ. இரட்டிப்புக்கு வேண்டிய ஜீன்களைத் திறக்கும் புரதங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. பி-27 என்ற புரதம், செல்லைச் சுழற்சிக்குள் தள்ளும் நொதிகளை அடக்கி வைக்கிறது. லிம்போசைட் எனும் வெள்ளணுக்களின் டி வகையில் கே.எல்.எஃப்-2 என்ற புரதம் இருக்கும்வரைதான் அமைதி. அதை நீக்கினால் செல் தன் ஓய்வைக் காத்துக்கொள்ள முடியாமல் போகிறது.

வெளியிலிருந்து வளர்ச்சிக்கான சமிக்ஞை தொடர்ந்து வந்தால் சைக்ளின்-டி என்ற புரதம் கூடுகிறது, ஆர்.பி.யின் பிடி தளர்கிறது. ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டியபின் சமிக்ஞை நின்றாலும் செல் திரும்பிப் பார்ப்பதில்லை, பிரிந்தே தீரும். ஆர்தர் பார்டி 1974இல் அந்தப் புள்ளியை இனங்கண்டு சொன்னார். ஓய்வைக் காக்கும் இந்த ஏற்பாட்டை நம் நாட்டில் தசையில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சி.சி.எம்.பி.) ஜ்யோத்ஸ்னா தவன். காயம்பட்ட தசையைச் சரிசெய்யும் தண்டுசெல்கள் ஆண்டுக்கணக்கில் எப்படிக் காத்திருக்கின்றன என்பது அவருடைய குழுவின் கேள்வி.

புற்றுநோய் மருத்துவம் முழுவதிலும் இந்தப் பாடம் ஓடுகிறது. கீமோதெரபி மருந்துகளில் பல, பிரிந்துகொண்டிருக்கும் செல்லைக் குறிவைப்பவை. தலைமுடி உதிர்வதும் ரத்த அணுக்கள் குறைவதும், முடியின் வேரிலும் மஜ்ஜையிலும் செல்கள் வேகமாகப் பிரிவதால்தான். மஜ்ஜையின் ஆழத்தில் இருக்கும் தண்டுசெல்களில் பெரும்பாலானவை ஓய்வில் இருப்பதால் தப்பிக்கின்றன. அதனால்தான் சிகிச்சை முடிந்ததும் ரத்தம் மீண்டும் ஊறுகிறது. அதே பாதுகாப்பு, ஓய்வுக்குள் போய்விட்ட ஒருசில புற்றுச் செல்களுக்கும் கிடைத்துவிடுகிறது. சில மார்பகப் புற்றுகள் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். குணமான பின்னும் மருத்துவர் ஏன் வருடந்தோறும் வரச்சொல்கிறார் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ராஜ்மாவில் கிடைத்த சாவி

ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டைப் பற்றி 1960 வரை மருத்துவர்களுக்கு இருந்த எண்ணம் வேறு. ஆயுள் முடியப்போகும், இனிப் பிரியாத செல் என்றே கருதினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைத் தனியே பிரித்து வளர்த்தார். சிவப்பணுக்களைத் திரட்டி ஒதுக்குவதற்கு ராஜ்மா பயறிலிருந்து எடுத்த ஒரு சாற்றைச் சேர்ப்பது வழக்கம். இரண்டு மூன்று நாளில் பார்த்தால், ‘இனிப் பிரியாது’ என்று ஒதுக்கப்பட்ட லிம்போசைட்டுகள் பிரிந்துகொண்டிருந்தன. அந்தச் சாற்றில் இருந்த பைட்டோஹீமக்ளுட்டினின் என்ற புரதம்தான் அவற்றை எழுப்பியது என்று நோவெல் 1960இல் நிறுவினார்.

நோய்க்கிருமி உள்ளே வரும்போது, அதற்கே உரிய லிம்போசைட் மட்டும் விழித்துப் பெருகுவதுதான் உடலின் வழக்கம். ராஜ்மாப் புரதம் ஆள் பார்க்காமல் டி லிம்போசைட்டுகள் பலவற்றையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்பிவிடுகிறது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று அறியும் குரோமோசோம் பரிசோதனையிலும் இன்றுவரை இதே புரதம்தான் பயன்படுகிறது. குரோமோசோம்கள் பிரிவின்போது மட்டுமே சுருண்டு, எண்ணக்கூடிய வடிவில் தெரியும். ஓய்வில் இருக்கும் செல்லில் அவை நூல்போல் கலைந்து கிடக்கும். எழுப்பினால்தான் பார்க்க முடியும்.

காயம் எப்படிக் கணக்காகிறது

இப்போது கதிர்வீச்சுக்கு வருவோம். காமா கதிர் ஒரு லிம்போசைட்டின் ஊடே பாயும்போது டி.என்.ஏ. இழை இரண்டும் அறுந்து போகலாம். செல் உடனே ஒட்டவைக்கப் பார்க்கும். பெரும்பாலும் சரியாகவே ஒட்டிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு குரோமோசோம்கள் அறுந்திருந்தால், சில சமயம் ஒன்றின் முனை மற்றொன்றின் முனையோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரே ஒரு மையப்பகுதி இருக்க வேண்டும். தவறாக ஒட்டியதில் இரண்டு மையம் வந்துவிடும். இதைத்தான் டைசென்ட்ரிக் குரோமோசோம் என்கிறார்கள். கதிர்வீச்சு படாதவரின் ரத்தத்தில் ஆயிரம் செல்லுக்கு ஒன்று இரண்டுதான் இப்படி இருக்கும். உடல் முழுவதும் 1 கிரே (உடல் ஏற்ற கதிர்வீச்சின் அலகு) அளவு காமா கதிர் பட்டிருந்தால் நூறு செல்லிலேயே எட்டுப் பத்து இருக்கும். கதிர்வீச்சைத் தவிர வேறு எதுவும் இதை எளிதில் உண்டாக்காது என்பதால் இந்தச் சாட்சியை நம்பலாம்.

இந்தச் சாட்சி நிற்பதற்கு ஜி-ஜீரோ மூன்று வகையில் உதவுகிறது.

முதலாவது, செல் பிரியாதவரை டைசென்ட்ரிக் அழியாது. பிரியும்போது இரண்டு மையங்களும் எதிரெதிர்த் திசையில் இழுபட்டுக் குரோமோசோம் அறுந்துபோகும், செல் இறந்துபோகவும் கூடும். தோல் செல்களிலோ குடல் செல்களிலோ தேடினால் சில நாளிலேயே தடயம் போய்விடும். லிம்போசைட் காத்திருக்கும் செல் ஆதலால் தடயம் தங்குகிறது. டைசென்ட்ரிக் எண்ணிக்கை பாதியாகக் குறையச் சுமார் மூன்று ஆண்டு ஆகும் என்பது சர்வதேச அளவில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு.

இரண்டாவது, ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே கட்டத்தில் நிற்கின்றன. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட லிம்போசைட்டுகள் இருக்கும். உடலுக்குள் இருக்கும்போதும் சோதனைக் குழாயில் இருக்கும்போதும் அவை ஜி-ஜீரோவில்தான் இருக்கின்றன. அதனால் நலமான ஒருவரின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து, தெரிந்த அளவு கதிர்வீச்சைக் கொடுத்து, எவ்வளவுக்கு எத்தனை டைசென்ட்ரிக் என்று ஒரு வரைபடம் தயாரித்துக்கொள்ள முடிகிறது. விபத்தில் சிக்கியவரின் எண்ணிக்கையை அந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அவருக்குப் பட்ட அளவு தெரிந்துவிடும். ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் மைக்கேல் பெண்டரும் கரோலின் கூச்சும் 1962இல் முன்வைத்த வழி இது.

மூன்றாவது, காயத்தின் வடிவமே அது எந்தக் கட்டத்தில் பட்டது என்று சொல்லிவிடும். டி.என்.ஏ. இரட்டிப்பாவதற்கு முன் அறுந்ததென்றால், இரட்டிப்பான பிறகு இரண்டு பிரதியிலும் அதே தவறு இருக்கும். இரட்டிப்புக்குப் பின் அறுந்ததென்றால் ஒரு பிரதியில் மட்டும்தான் இருக்கும். இரண்டிலும் இருந்தால், டி.என்.ஏ. இரட்டிப்பாவதற்கு முன்பே, பெரும்பாலும் செல் ஓய்வில் இருந்தபோதே கதிர் பட்டிருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும்போது நேர்ந்த பழுதாக இருக்குமோ என்ற சந்தேகம் பெருமளவு குறைகிறது.

ஆய்வகத்தில் செய்வது இவ்வளவுதான். ரத்தத்தை ஊட்டத் திரவத்தில் விட்டு, ராஜ்மாப் புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் 48 மணி நேரம் வைக்கிறார்கள். அதற்குமேல் போனால் செல்கள் இரண்டாம் முறை பிரிந்து கணக்குக் கெட்டுவிடும். பிரிவு நடுவில் நிற்பதற்காகக் கோல்செமிட் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். பிறகு செல்களை ஊதவைத்து, கண்ணாடித் தகட்டில் விட்டு, ஜீம்சா சாயம் ஏற்றி, ஐந்நூறு முதல் ஆயிரம் செல் வரை ஒருவர் கண்ணால் பார்த்து எண்ணுகிறார். 0.1 கிரே வரையிலான குறைந்த அளவையும் இதில் கண்டுபிடிக்கலாம். டிராம்பேயிலும், டெல்லி இன்மாஸ் நிறுவனத்திலும், சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவிலும் இந்த வேலை நடக்கிறது.

எண்ணிக்கை மட்டுமல்ல, அது செல்களிடையே பரவியிருக்கும் விதமும் பேசும். உடல் முழுவதும் கதிர் பட்டிருந்தால் டைசென்ட்ரிக்குகள் செல்களுக்குள் சீராகப் பரவியிருக்கும். கை மட்டும், இடுப்பு மட்டும் என்று ஒரு பகுதியில் பட்டிருந்தால், பெரும்பாலான செல்கள் பழுதில்லாமலும் ஒருசில செல்கள் இரண்டு மூன்று பழுதோடும் இருக்கும். சிகிச்சை எந்தத் திசையில் போகவேண்டும் என்று மருத்துவருக்கு அது வழி காட்டும்.

கேரளத்தின் கொல்லம் கடற்கரை இன்னொரு சான்று. சவரா, நீண்டகரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அப்படிப்பட்ட ஊர்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தையும், சாதாரண அளவு உள்ள ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தையும் பார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். 2013இல் வெளிவந்த முடிவில் 27,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இடம்பெற்றிருந்தனர். இருவகை ஊர்களுக்கும் இடையே குரோமோசோம் பழுதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மணலில் வாழும் மீனவக் குடும்பங்களின் அச்சத்துக்கு, அவர்கள் குழந்தைகளின் ஓய்விலிருந்த வெள்ளணுக்களே பதில் சொன்னதுபோல் ஆயிற்று.

மாயாபுரியும் தாராவியும்

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைவீதியில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படுத்தாமல் கிடந்த காமா கதிர் இயந்திரம் ஒன்று அந்த ஆண்டு பிப்ரவரியில் ஏலத்தில் போனது. உள்ளே கோபால்ட்-60 இருப்பது வாங்கியவருக்கும் தெரியாது, பிரித்த தொழிலாளர்களுக்கும் தெரியாது. ஈயக் கவசத்தை உடைத்தார்கள். சில நாளில் வாந்தி, தோல் கருகல், முடி உதிர்வு. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஏப்ரல் 26ஆம் நாள் இறந்தார். அவர்கள் யாரிடமும் பேட்ஜ் இல்லை. ரத்தத்தில் குரோமோசோம் சோதனை செய்துதான் பட்ட அளவை மதிப்பிட வேண்டியிருந்தது.

மும்பையில் பங்கார் எனப்படும் பழைய பொருள் தொழில் எங்கே நடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. தாராவி 13 காம்பவுண்டிலும் குர்லாவிலும் தினமும் டன் கணக்கில் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பிரிபடுகின்றன. ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, கல்லூரி என்று எங்கிருந்தெல்லாமோ பழைய இயந்திரங்கள் அங்கே வந்து சேருகின்றன. அந்தத் தொழிலில் தமிழ் மக்களும் இருக்கிறார்கள். வெள்ளணுவின் சாட்சி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அது நடந்து முடிந்ததன் சாட்சிதான். பட்ட கதிர்வீச்சைத் திருப்பி எடுக்க எந்த ஆய்வகத்தாலும் முடியாது.

ஆகவே படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேட்ஜ் அணிய வேண்டிய பணியில் இருப்பவர்கள், வேலைநேரம் முழுக்க அதை நெஞ்சிலேயே வைத்திருங்கள். அறையில் கழற்றி வைக்காதீர்கள். பங்கார் கடை நடத்துகிறவர்களிடமும் அங்கே கூலிவேலை செய்கிறவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்: மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி போன்ற குறி இருந்தாலோ, சின்ன அளவுக்குப் பொருந்தாத கனத்தில் ஈயம் சுற்றிய பெட்டி வந்தாலோ, அதை வெட்டாதீர்கள், உருக்காதீர்கள், உள்ளேயிருந்து எதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தள்ளி நின்று, மற்றவர்களையும் தள்ளி நிற்கவைத்து, 112க்குப் போன் செய்து போலீஸுக்குத் தெரிவியுங்கள். அந்தப் பொருளை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் அணுசக்தி நகரில் இருக்கிறார்கள்.